மாணவர் பேரவையில் புலத்துக்கு நான்கு இடம் என்பதை மாற்ற வேண்டும் – வரைவைப் பார்த்து ஓட்டைகளைச் சொல்லுங்கள்

நேர்கோடு

எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையின் பைலாவைத் திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். இடப்பங்கீடு பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. குழுவுக்கு அனுப்புவதற்கு முன் இங்கே வைக்கிறேன்.

இப்போது புலத்துக்கு நான்கு பேர். ஐந்து புலங்கள், மொத்தம் இருபது பேர். எண்ணிக்கையை மட்டும் கணக்குக்கு வசதியாக 10,000 மாணவர்கள் என்று மாற்றிச் சொல்கிறேன், விகிதம் புரிந்தால் போதும். கலை 4,650, அறிவியல் 3,240, வணிகம் 1,220, சட்டம் 690, நுண்கலை 200. கலைப்புலத்தில் ஏறத்தாழ 1,160 பேருக்கு ஒரு உறுப்பினர், நுண்கலையில் 50 பேருக்கு ஒருவர். சிறிய மூன்று புலங்களையும் சேர்த்தால் 2,110 மாணவர்கள், அவர்களிடம் 20இல் 12 இடம். ஐந்தில் ஒரு பங்கு மாணவர்கள் பேரவையில் பெரும்பான்மை.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் பிரச்சினை இல்லை. தேர்வுக் காலத்தில் பொது நூலகத்தை நள்ளிரவு வரை திறந்து வைக்கக் கேட்கும் தீர்மானம் 8-க்கு 12 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்த மூன்று புலங்களுக்கும் தனி நூலகம் இருக்கிறது, அதனால் அவர்களுக்கு அது அவசரமாகத் தெரியவில்லை. பொது நூலகத்தை நம்பி இருக்கும் கிட்டத்தட்ட எட்டாயிரம் பேருக்கு எட்டு வாக்குதான்.

என் வரைவு இதுதான்: மொத்த மாணவர்களை 20 ஆல் வகுத்தால் 500. ஒவ்வொரு புலத்தின் எண்ணிக்கையையும் 500 ஆல் வகுத்து, முழு எண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டு, மிஞ்சும் இடங்களைப் பின்னம் அதிகமுள்ள புலங்களுக்குக் கொடுப்பது. 9.30, 6.48, 2.44, 1.38, 0.40 என்று வருகிறது. முழு எண்களுக்கு 18 போய்விடும், மீதி இரண்டு அறிவியலுக்கும் வணிகத்துக்கும். முடிவு 9, 7, 3, 1, 0.

தூரிகை

அந்தக் கடைசி 0 என் புலம்.

நான் வேறு பல்கலைக்கழகம்தான், ஆனால் நுண்கலைதான், எங்கள் எண்ணிக்கையும் அந்த அளவுதான். ஐம்பது பேருக்கு ஒருவர் என்பது அதிகம், அதை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் பூஜ்யம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஓவியக்கூடத்தில் டர்பென்டைன் நெடி வெளியே போக வழியில்லாமல் மாணவர்கள் தலைவலியோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று பேரவையில் எழுந்து கேட்டது எங்கள் உறுப்பினர்தான். வேறு எந்தப் புலத்து உறுப்பினருக்கும் அந்த அறைக்குள் வர வேண்டிய வேலையே இல்லை, தெரிந்தால்தானே கேட்பார்கள்? தீர்மானத்தை ஜெயிக்க எங்களுக்கு எண்ணிக்கை வேண்டாம், எழுந்து பேச ஒரு ஆள் வேண்டும்.

குறைந்தபட்சம் ஒன்று என்று எழுதாத எந்த வரைவையும் நான் எதிர்ப்பேன்.

எண்ணும்எழுத்தும்

தூரிகை சொல்வது நியாயம். அதற்கு முன் வரைவில் இருக்கும் இன்னொரு ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். நேர்கோடு எழுதியிருப்பது ஹாமில்டன் முறை. பார்க்க நேர்மையாக இருக்கும், ஆனால் பேரவையின் அளவை மாற்றினால் விபரீதமான விடை கொடுக்கும்.

கையாலேயே போட்டுப் பாருங்கள். மூன்று புலங்கள்: 530, 330, 140. மொத்தம் 1,000. பத்து இடம் என்றால் 5.3, 3.3, 1.4. முழு எண்களுக்கு ஒன்பது போக, மிஞ்சிய ஒன்று பின்னம் அதிகமுள்ள மூன்றாவது புலத்துக்கு. 5, 3, 2. இப்போது பேரவையைப் பெரிதாக்கி 11 இடம் ஆக்குங்கள். 5.83, 3.63, 1.54. மிஞ்சும் இரண்டும் முதல் இரண்டு புலங்களுக்குப் போகும். 6, 4, 1. ஒரு மாணவர் கூடக் குறையவில்லை, மொத்த இடம் கூடியிருக்கிறது, ஆனால் சின்னப் புலம் ஒரு இடத்தை இழக்கிறது!

அமெரிக்காவில் 1880 கணக்கெடுப்புக்குப் பிறகு இதேதான் வெளியே வந்தது. பிரதிநிதிகள் சபையில் 299 இடம் என்றால் அலபாமா மாநிலத்துக்கு 8, 300 இடம் என்றால் 7. அதனால்தான் இதற்கு அலபாமா முரண் என்று பெயர்.

இதைத் தவிர்க்க வெப்ஸ்டர் முறைக்குப் போங்கள். ஐரோப்பாவில் சான்ட்-லாகு என்ற பெயரில் இருப்பதும் இதுதான், நியூசிலாந்தும் ஜெர்மனியும் கட்சிகளுக்கு இடம் பிரிக்கப் பயன்படுத்துவது இதைத்தான். ஒவ்வொரு புலத்தின் எண்ணிக்கையையும் 0.5, 1.5, 2.5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போய், பெரிய ஈவிலிருந்து ஒவ்வொரு இடமாகக் கொடுக்க வேண்டியதுதான். இடங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதால், இடம் கூடும்போது யாருக்கும் குறையவே முடியாது. மேலே சொன்ன மூன்று புலங்களுக்கும் 10 இடத்தில் 6, 3, 1. 11இல் 6, 4, 1. 12இல் 6, 4, 2.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் குறையும் நீங்கிய முறை எதுவும் கிடையாது. பாலின்ஸ்கி, யங் என்ற இருவர் 1982இல் அதை நிரூபித்துவிட்டார்கள். சரியான பங்குக்குப் பக்கத்து முழு எண்ணை விட்டு விலகாமலும் இருந்து, எண்ணிக்கை மாறும்போது முரணும் வராத முறை இருக்க முடியாது. வெப்ஸ்டர் முறை பெரிய புலத்தையும் சின்னப் புலத்தையும் ஏறத்தாழ ஒரே கண்ணோடு பார்க்கும், அதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

கல்வெட்டு

முறையின் பெயரோடு, வகுக்கும் விதத்தையும் பைலாவிலேயே எழுதிவிடுங்கள். "விகிதாச்சாரப்படி" என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் ஒவ்வொரு தேர்தலிலும் அதை வைத்தே சண்டை வரும். 1792இல் அமெரிக்க அதிபராக இருந்த வாஷிங்டன் முதல் முதலாகத் தன் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியதே இடப்பங்கீட்டு மசோதா மீதுதான். அது ஹாமில்டன் ஆதரித்த கணக்கு. அதற்குப் பதிலாக ஜெபர்சனின் கணக்கு வந்தது, அது பெரிய மாநிலங்களுக்குச் சாதகம். அதுவும் பின்னாளில் மாறியது. எண்களை மாற்றாமல், பின்னத்தை முழு எண்ணாக்கும் விதியை மட்டும் மாற்றியே இடங்களை நகர்த்தலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வெயில்நேரம்

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். புலத்துக்குச் சம இடம் என்பதில் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் என்பது போல, புலங்கள் சேர்ந்து அமைத்த ஒன்றுதான் பேரவை என்று ஏன் பார்க்கக் கூடாது?

எண்ணும்எழுத்தும்

மாநிலங்கள் தனித்தனியாக இருந்துவிட்டு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தன. அறிவியல் புலமும் சட்டப்புலமும் அப்படியா சேர்ந்தன? ஒரே நிர்வாகம் பிரித்து வைத்த பிரிவுகள். நாளைக்கே வணிகப்புலத்தை வணிகம், மேலாண்மை என்று இரண்டாக்கினால் நான்கு இடம் எட்டாகிவிடும், ஒரு மாணவரும் கூடாமலேயே. பேரவையின் பலத்தை நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

இரவுநூலகம்

எண்ணிக்கை எண்ணிக்கை என்கிறீர்கள், யாரை எண்ணுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. நான் ஆராய்ச்சி மாணவர். பகுதிநேர ஆராய்ச்சியாளர்கள் முழு ஆளா, அரை ஆளா? தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர்கள் வளாகத்துக்கு வருவதே அரிது, ஆனால் அவர்களை ஒரு புலத்தின் கணக்கில் சேர்த்தால் அந்தப் புலம் ஒரே இரவில் இரண்டு மடங்காகிவிடும். அவர்கள் தேர்தலில் நிற்க மாட்டார்கள், வாக்களிக்க வர மாட்டார்கள், ஆனால் அவர்கள் பெயரில் கிடைத்த இடத்தில் வேறு யாரோ உட்காருவார்கள். இரண்டு புலங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பில் இருப்பவரை எங்கே எண்ணுவது என்பதும் இருக்கிறது. எந்தத் தேதியின் கணக்கு என்பது இன்னும் முக்கியம், சேர்க்கை முடிந்த வாரத்தில் ஒரு எண், இடைநிற்றல் எல்லாம் போக ஆறு மாதம் கழித்து வேறு எண்.

வாக்களிக்க உரிமை உள்ள ஒவ்வொருவரும் ஒரு ஆள், உரிமை இல்லாதவர் கணக்கிலும் இல்லை என்று எழுதுங்கள். அப்போது தொலைநிலை மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று யாராவது வாதாடினால், முதலில் அவர்களுக்கு இணையவழி வாக்கு கொடுத்துவிட்டு வரச் சொல்லலாம்.

அப்புறம் ஆராய்ச்சி மாணவர்களைத் தனித் தொகுதியாகப் பிரிக்க வேண்டும் என்றும் எனக்கு ஆசைதான். உதவித்தொகை தாமதம், வழிகாட்டியோடு வரும் சிக்கல்கள் எல்லாம் இளநிலை மாணவர் தலைமையில் நடக்கும் கூட்டத்தில் கடைசிப் பொருளாகத்தான் வருகின்றன.

நேர்கோடு

பைலாவின் தலைவிதியே இந்த வரையறையில் இருக்கிறது, நன்றி. வாக்குரிமை உள்ளவர் அனைவரும் ஒரு ஆள், சேர்க்கை முடிந்து முப்பதாவது நாள் பதிவேடு, கூட்டுப் படிப்பில் இருப்பவர் கட்டணம் செலுத்தும் புலத்தில், என்று எழுதிக்கொள்கிறேன். ஆராய்ச்சித் தொகுதியை இந்தத் திருத்தத்தில் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து விழும் என்று பயப்படுகிறேன், அதைத் தனித் தீர்மானமாகக் கொண்டு வரலாம்.

குறைந்தபட்ச இடத்துக்கு இரண்டு வழி போட்டுப் பார்த்தேன்.

முதல் வழி, வெப்ஸ்டர் கணக்குப் போட்டு, ஒன்றும் கிடைக்காத புலத்துக்கு மட்டும் ஒன்று கொடுப்பது. 9, 7, 2, 1, 1. இதில் 690 பேர் உள்ள சட்டத்துக்கும் ஒன்று, 200 பேர் உள்ள நுண்கலைக்கும் ஒன்று. வணிகத்தில் 610 பேருக்கு ஒருவர், கலையில் 517 பேருக்கு ஒருவர். நடுத்தரப் புலங்கள்தான் நஷ்டப்படுகின்றன.

இரண்டாவது வழி, முதலில் எல்லாப் புலத்துக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, மீதி 15ஐ மட்டும் வெப்ஸ்டர் முறையில் பிரிப்பது. 8, 6, 3, 2, 1. உறுப்பினருக்கு 581, 540, 407, 345, 200 மாணவர்கள். சின்னப் புலத்துக்குக் கொஞ்சம் சலுகை, ஆனால் அது படிப்படியாக இறங்குகிறது, திடீர்ப் பள்ளம் இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கல்வெட்டு

இரண்டாவது வழிக்கு ஒரு முன்னோடி இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நாட்டுக்குக் குறைந்தது 6, அதிகபட்சம் 96 இடம், பெரிய நாட்டுக்கு அதிக இடம் ஆனால் உறுப்பினருக்கு அதிக மக்கள். அங்கே இடங்களைப் பேரம் பேசித்தான் பிரிக்கிறார்கள் என்பதால், 2011இல் கணித அறிஞர்கள் சிலர் கேம்பிரிட்ஜில் கூடி ஒரு சூத்திரம் சொன்னார்கள்: ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து அடிப்படை இடம், மீதியை விகிதப்படி. நீங்கள் போட்டதும் அந்த வடிவம்தான். ஐரோப்பிய ஒன்றியம் அதை ஏற்கவில்லை, பேரம் தொடர்கிறது.

வாதி_பிரதிவாதி

சட்டப்புலத்திலிருந்து ஒரு கேள்வி. 8, 6, 3, 2, 1 என்று வைத்தால் பைலாவைத் திருத்த எத்தனை வாக்கு? மூன்றில் இரண்டு பங்கு என்றால் 20இல் 14. கலையும் அறிவியலும் சேர்ந்தால் 8 + 6 = 14. சரியாக 14! இந்தத் திருத்தம் நிறைவேறிய மறுநாளே அந்த இரண்டு புலங்களும் எங்களைக் கேட்காமல் அடிப்படை இடத்தை எடுத்துவிடலாம். எங்களை நம்பி வாக்களிக்கச் சொல்கிறீர்கள், எதைப் பார்த்து நம்புவது?

இடங்களின் எண்ணிக்கை வேறு, அதன் பலம் வேறு. நியூயார்க் அருகே நாசோ மாவட்ட மேற்பார்வைக் குழுவில் 1958இல் ஆறு உறுப்பினர்களுக்கு 9, 9, 7, 3, 1, 1 என்று எடை வாக்குகள் இருந்தன. மொத்தம் 30, வெற்றிக்கு 16. பெரிய மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 16 வந்துவிடும். மீதி மூவரும் சேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் முடிவு மாறாது. 3 வாக்கு இருந்தவருக்கும் உண்மையில் பூஜ்யம்தான். பான்ஸாஃப் என்ற வழக்கறிஞர் 1965இல் இதைக் காட்டிக் கட்டுரை எழுதினார்.

உங்கள் பங்கீட்டில் சாதாரணத் தீர்மானங்களுக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிக்கு 11 வேண்டும், கலை 8, சட்டம் 2 சேர்ந்து 10 ஆக நின்றால் நுண்கலையின் ஒரு வாக்குதான் முடிவு செய்யும். திருத்தத்துக்கு மட்டும் பூட்டு வேண்டும்: மூன்றில் இரண்டு பங்கோடு, குறைந்தது மூன்று புலங்களின் உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆதரவும் என்று எழுதினால் நான் எங்கள் புலத்தில் பேசிப் பார்க்கிறேன்.

பழைய_தேர்தல்அலுவலர்

வாதி_பிரதிவாதி கேட்ட பூட்டு சரி. ஆனால் இந்த இழை முழுக்க எல்லோரும் கலைப்புலத்தை ஒரே ஆளாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், எட்டு வாக்கு ஒரே பக்கம் போகும் என்று. ஏன் அப்படிப் போகிறது என்று பாருங்கள். பங்கீட்டை விட அதுதான் பெரிய சேதம்.

நான் இரண்டு தேர்தலில் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். புலத்துக்கு நான்கு இடம், வாக்காளருக்கு நான்கு வாக்கு. பேனல் போட்டு நால்வர் நிற்பார்கள், ஆதரவாளர்கள் சீட்டில் நால்வருக்கும் வரிசையாகக் குறி போடுவார்கள். அந்த பேனலுக்கு 40 சதவீதம் ஆதரவு, மற்ற 60 சதவீதம் இரண்டு பேனலாகப் பிரிந்து கிடக்கிறது என்றால், 40 சதவீதம் நான்கு இடத்தையும் அள்ளிக்கொண்டு போகும். எண்ணும்போதே தெரியும், ஒரு பேனலின் நால்வருக்கும் வாக்கு ஐந்து பத்து வித்தியாசத்தில்தான் இருக்கும். தோற்ற பக்கத்தில் முதலாவதாக வந்தவர் அறுநூறு வாக்கு வாங்கியும் வெளியே நிற்பார்.

நான்கு இடத்திலேயே இப்படி என்றால், இதே முறையில் கலைப்புலத்துக்கு எட்டு இடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு பேனல் எட்டையும் எடுக்கும். 20 பேர் கொண்ட பேரவையில் ஒரு பேனல் கையில் எட்டு. நீங்கள் 4,650 மாணவர்களுக்குக் குரல் கொடுக்க நினைக்கிறீர்கள், கொடுக்கப் போவது அவர்களில் 40 சதவீதத்துக்கு, அதுவும் இரண்டு மடங்காக.

அதனால் ஒன்றுக்கு மேல் இடம் உள்ள ஒவ்வொரு புலத்திலும் ஒற்றை மாற்று வாக்கு முறை வர வேண்டும். நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் போடுவது போல 1, 2, 3 என்று விருப்ப வரிசை. நான்கு இடம், செல்லுபடியான 600 வாக்கு என்றால் 600ஐ ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 121. 121 எடுத்தவர் ஜெயித்துவிட்டார், அவருடைய உபரி அடுத்த விருப்பத்துக்குப் போகும், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய வாக்கும் அடுத்தவருக்குப் போகும். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் ஆதரவு உள்ள எந்தக் கூட்டமும் ஒரு இடம் பெறும்.

தூரிகை

கையால் எண்ண முடியுமா? எங்களிடம் கணினி மையம் எல்லாம் நம்பகமாக இல்லை, வெளியே கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய_தேர்தல்அலுவலர்

முடியும். அயர்லாந்தில் நாடு முழுக்கக் கையால்தான் எண்ணுகிறார்கள், முகவர்கள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரம் பிடிக்கும், ஒரு இரவு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தொகுதிக்கு மூன்றிலிருந்து ஐந்து இடம்தான், அதையும் கவனியுங்கள். எட்டு இடத்துக்கு முப்பது பேர் நின்றால் வாக்காளர் ஏழாவது பெயருக்கு மேல் படிக்க மாட்டார். பெரிய புலத்தை இளநிலை முதலாண்டு, மற்ற இளநிலை, முதுநிலை என்று பிரித்துவிட்டால் சீட்டு கையடக்கமாக இருக்கும். முதுநிலையில் ஆராய்ச்சி மாணவரும் வருவதால் இரவுநூலகம் கேட்டதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இரவுநூலகம்

பாதி போதாது, ஆனால் வாங்கிக்கொள்கிறேன்.

கல்வெட்டு

எல்லாம் சரி, இதற்கு வாக்களிக்கப் போவது யார்? இப்போது அதிக இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1901இல் தொகுதி பிரித்தார்கள். நகரங்கள் வளர்ந்தன, கிராமங்கள் சுருங்கின, சட்டமன்றம் அறுபது ஆண்டு கையே வைக்கவில்லை. மாற்றினால் பதவி போகும் ஆட்கள்தான் மாற்ற வேண்டியவர்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் இது நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய விஷயம்தான் என்று சொன்ன பிறகே அசைந்தது. அங்கே மத்திய அளவிலும் 1920 கணக்கெடுப்புக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாநிலங்களின் இடங்களை மாற்றவே இல்லை. 1929இல் ஒரு சட்டம் போட்டு, இனி கணக்கெடுப்பு முடிந்தால் பங்கீடு தானாக நடக்கும் என்று ஆக்கினார்கள். நம் மக்களவையில் மாநிலங்களுக்கான இடங்கள் 1971 கணக்கெடுப்பிலேயே நிறுத்தி வைக்கப்பட்டதும் அதைச் சுற்றி எழும் வாதங்களும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே நிறுத்தியதற்குக் குடும்பக் கட்டுப்பாடு என்ற வலுவான காரணம் இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படி எதுவும் இல்லை, மூன்றாண்டில் மாணவர்களே மாறிவிடுகிறார்கள்.

எனவே ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் தேர்தல் அலுவலர் பதிவேட்டை எடுத்து, கணக்கைப் போட்டு, வகுத்த பட்டியலோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று எழுதுங்கள். பேரவை அதன் மீது வாக்களிக்கக் கூடாது.

எண்ணும்எழுத்தும்

வாக்கு சேர்க்க ஒரு வழி இருக்கிறது. பேரவையை 20இலிருந்து 30 ஆக்குங்கள். அடிப்படை 5, மீதி 25 வெப்ஸ்டர். போட்டுப் பார்த்தேன்: 13, 9, 4, 3, 1. உறுப்பினருக்கு 358, 360, 305, 230, 200. இருபது பேர் பங்கீட்டை விட இது இன்னும் நெருக்கம். வணிகத்துக்கு நான்கு அப்படியே இருக்கிறது, சட்டத்துக்கு ஒன்றுதான் குறைகிறது.

அவர்களுடைய பங்கு சதவீதத்தில் குறைகிறது என்பதை மறைக்க வேண்டாம், வணிகம் 20இலிருந்து 13 சதவீதத்துக்கு வருகிறது. ஆனால் பதவியில் இருக்கும் எந்த உறுப்பினரும் தன் நாற்காலியே போகிறது என்று சொல்ல முடியாது, சட்டத்தில் ஒருவரும் நுண்கலையில் மூவரும் தவிர.

வாதி_பிரதிவாதி

கலை, அறிவியல், வணிகம் சேர்ந்து இப்போது 12 வாக்கு. 14 வேண்டும். ஆக எங்கள் நால்வரில் இருவர். 30 பேர் அவையில் திருத்தத்துக்கு 20 வேண்டும், கலையும் அறிவியலும் மட்டுமே 22. அதனால் மூன்று புலப் பூட்டு இல்லாமல் அந்த இருவர் கிடைக்க மாட்டார்கள், அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

நேர்கோடு

பூட்டு உண்டு. வரைவை இப்படி மாற்றிவிட்டேன்:

பேரவை 30 பேர். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு அடிப்படை இடம். மீதி இடங்கள், ஒவ்வொரு புலத்தின் வாக்காளர் எண்ணிக்கையை 0.5, 1.5, 2.5 என்ற வரிசையில் வகுத்து வரும் ஈவுகளில் பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக. ஈவு சமமானால் வாக்காளர் குறைவாக உள்ள புலத்துக்கு. புலத்தைப் பிரித்தாலோ சேர்த்தாலோ அடுத்த பொதுத் தேர்தல் வரை பங்கீடு மாறாது, புதிதாக வரும் புலத்தில் 100 வாக்காளராவது இருந்தால்தான் அடிப்படை இடம். தேர்தல் அலுவலர் கணக்கோடு பட்டியலை வெளியிடுவார், ஆட்சேபம் ஏழு நாளுக்குள், கணக்குப் பிழைக்கு மட்டும். ஒன்றுக்கு மேல் இடம் உள்ள இடத்தில் ஒற்றை மாற்று வாக்கு, தொகுதிக்கு ஐந்து இடத்துக்கு மேல் கூடாது. பைலா திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கோடு மூன்று புலங்களின் ஒப்புதல். இப்போதைய உறுப்பினர்கள் பதவிக்காலம் முடியும் வரை இருப்பார்கள், அடுத்த தேர்தலிலிருந்து அமல்.

ஒற்றை மாற்று வாக்கைத் தனியாகப் பிரித்துக் கொண்டு வரலாம், பங்கீடு முதலில் நிறைவேறட்டும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். இங்கே படித்த பிறகு அதற்கு நான் சம்மதிக்கப் போவதில்லை. இரண்டும் ஒரே தீர்மானம்.

தூரிகை

100 வாக்காளர் என்ற வரம்பை எப்படி முடிவு செய்தீர்கள்? எங்கள் பல்கலைக்கழகத்தில் இசைப்புலத்தில் 80 பேர்தான். அவர்களை எங்களோடு சேர்த்து ஒரே தொகுதியாக்குவீர்களா, அல்லது ஏற்கெனவே இருக்கும் புலத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று எழுதுவீர்களா?

நேர்கோடு

ஏற்கெனவே இருக்கும் புலத்துக்குப் பொருந்தாது. அந்த வரியையும் சேர்க்கிறேன். வரம்பே கூட, 100 என்று ஒரு எண்ணாக வைக்காமல், மொத்த வாக்காளரில் ஒரு சதவீதம் என்று வைத்தால் மாணவர் தொகை கூடினாலும் குறைந்தாலும் நிற்கும். நாளைக் காலைக்குள் வேறு யாராவது ஓட்டை கண்டால் எழுதுங்கள், மதியம் குழுவுக்கு அனுப்புகிறேன்.